நூற்று எண்பத்து மூன்றாம் இரவு

படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி:
உங்கள் வாழ்வின் மையம் எது?
பதிலுக்கு விட்டிருந்த இடம்
ஒரு விரற்கடை.

துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு
ஃபின்னிஷ் மொழியில் கையேடு எழுதுகிறேன்.
வரிக்கு இவ்வளவு என்று கூலி.
அந்தக் கூலிக்கு எந்த நாட்டில் வரி
என்பதில்தான் சிக்கல்.
கம்பெனி ரோட்டர்டாமில், இயந்திரம் ஒசாகாவில்,
நான் தாலினில், கலமயா மரவீடொன்றின் மாடியில்.
என் பனிச்சறுக்குக் கட்டைகள் மட்டும்
கடலுக்கு அந்தப் பக்கம்,
ஹெல்சின்கியில், பழைய குடியிருப்பின் நிலவறையில்.
எனக்கு முதலாளி கிடையாது.
ஆகவே சம்பளச் சீட்டும் கிடையாது,
இவள் இங்கேதான் இருக்கிறாள் என்று
முத்திரை குத்தித் தர ஒருவரும் கிடையாது.

"சௌனா நேரத்தை விட்டுவிடு, ஐலா,"
என்றாள் மாரிகா, என் கணக்காளர்,
வாயில் பாதி மீன் ரொட்டியோடு.
வியாழன் இரவு ஏழிலிருந்து எட்டு வரை
அந்தக் கட்டடத்தின் நீராவி அறை என்னுடையது.
ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த நேரம்.
வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டேன்,
பலகையில் என் பெயரை அழிக்கவில்லை.

"நீராவி கூடவா சாட்சி சொல்லும்?"
"எல்லாம் சொல்லும். பல் மருத்துவர்,
நூலக அட்டை, பூனை."
"பூனை இல்லையே."
"நல்லது," என்று அதையும் குறித்துக்கொண்டாள்.

நாட்காட்டியில் தாலின் இரவுகள் நீல மையில்,
ஹெல்சின்கி இரவுகள் பென்சிலில்.
டிசம்பர் இருபத்தொன்பது அன்று எண்ணினேன்:
பென்சில் நூற்று எண்பத்திரண்டு.
இடுப்பெலும்பு முறிந்த அண்ணனின் கட்டிலருகே
நாற்காலியில் தூங்கிய ஐம்பத்தோரு இரவுகளும்
அதில் அடக்கம்.
அவற்றுக்குத் தனி நிறம் இல்லை.

இன்னும் ஒன்று கூடினால் போயிற்று.
அன்றிரவே கப்பல் பிடித்தேன்.

புயல்.
நடு வளைகுடாவில் கப்பல் வேகம் குறைத்தது,
பிறகு நகர்வதாகவே தெரியவில்லை.
இரண்டு தோணியில் கால் வைத்தவள்
என்பார்கள் என்னை.
இருந்ததோ ஒரே கப்பல், அதுவும் ஆடிக்கொண்டு.
பதினொன்று நாற்பதுக்குக் கைபேசி
எஸ்தோனியாவுக்கு வரவேற்றது.
பதினொன்று நாற்பத்தாறுக்கு
பின்லாந்துக்கு வரவேற்றது.
நள்ளிரவில் எங்கே இருக்கிறாயோ
அந்த நாள் அந்த நாட்டுக்கு என்பாள் மாரிகா,
அவளுக்கே அதில் முழு நிச்சயமில்லை.
கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

எதிர் மேசையில் ரைவோ,
ஹெல்சின்கிக் குளியலறைகளுக்கு ஓடு பதிப்பவன்,
விரல் இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்ட்.
அவனுக்கும் முதலாளி இல்லை.
அவன் நோட்டிலும் கட்டங்கள்.
நோயில் விழுந்தால் எந்த நாடு தாங்கும்
என்பது அவன் கணக்கு.
"எனக்கு அந்தப் பக்கம் ஒரு இரவு குறைகிறது."
"எனக்கு ஒன்று கூடுகிறது."
"இதை எனக்குத் தந்துவிடேன்."

பேரம் பேசவில்லை, தந்துவிட்டேன்.
எதை எடுத்து எப்படி நீட்டுவது என்று தெரியாமல்
என் காப்பிக் கோப்பையை
அவன் பக்கம் நகர்த்தினேன்.
ஆறிப்போயிருந்தது. குடித்தான்.

பன்னிரண்டு அடித்தபோது
கைபேசியில் சிக்னலே இல்லை.
லாரி ஓட்டுநர் ஒருவர் குறட்டை விட்டார்.
தரையில் யாருடைய ஆரஞ்சுப் பழமோ
சுவருக்கும் மேசைக்காலுக்கும் நடுவே
போய்வந்துகொண்டிருந்தது.

காலையில் துறைமுகத்தில்
ரைவோ தலையசைத்துவிட்டுப் போனான்,
கடன் வாங்கியவனைப்போலக் கொஞ்சம் வேகமாக.

மாரிகாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன்,
பயணச் சீட்டின் படத்தோடு.
பார்க்கிறேன் என்று பதில் வந்தது.
அந்தக் கட்டம் இன்னும் வெற்றாகத்தான் இருக்கிறது,
நான்காம் பக்கத்தின் அந்த விரற்கடையும்.

இன்று வியாழன்.
மணி ஏழு.
எனக்கான சூடு ஏறியிருக்கும்
அங்கே, யாருமில்லாத அறையில்.
நேரத்தை இன்னும் ரத்து செய்யவில்லை.